வைகை அணை உள்வாயில் பங்குனிக் கூட்டம்: இது எந்த உள்ளான்?

தெற்குவாசல்காரன் | சனி, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் போய்க்கிட்டிருந்தவன், இன்னைக்குத்தான் முதல் இழை போடுறேன். தப்பு இருந்தா திட்டுங்க, ஆனா பைய.

காலையில நாலு மணிக்கு வண்டிய எடுத்தேன். உசிலம்பட்டியில ஒரு டீ. ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டும்போது லேசா வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. அணைக்கட்டு மேல போகல, தெக்குப் பக்கமா உள்வாயில, அதாவது தண்ணி தேங்குற பக்கம், இறங்கிட்டேன். தண்ணி நல்லா உள்வாங்கிக் கிடக்கு. பழைய கரையிலருந்து தண்ணி விளிம்பு வரைக்கும் வெறும் வண்டல், வெடிப்பு, மாட்டுக் குளம்புத் தடம், அங்கங்க காஞ்ச நத்தை ஓடு. வடக்க கொடைக்கானல் மலை முழுசாத் தெரிஞ்சுச்சு, ஏழு மணிக்கெல்லாம் வெயில்ல கரைஞ்சு போச்சு.

பார்த்தது: நெடுங்கால் உள்ளான் முப்பது நாப்பது இருக்கும். பட்டாணி உப்புக்கொத்தி ஏழு. ஆட்காட்டி நான் இறங்கினதுலருந்து கத்தினது கத்தினபடி. கொசு உள்ளான் ஒரு பெரிய கூட்டம், எண்ண ஆரம்பிச்சு மூணு தடவை விட்டுட்டேன். ஆற்று ஆலா ரெண்டு.

இதுபோக ஒண்ணு, சேத்துல மேயுற உள்ளான் சாதிதான். ஒரு சின்ன ஓடை வந்து சேருற இடத்துல தனியா நின்னுச்சு. மைனா அளவு இருக்கும், கால் மட்டும் கொஞ்சம் நெட்டை. முதுகு கரும்பழுப்பு, வயிறு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. நின்ன இடத்துலயே பின்பக்கத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. பைனாகுலர்ல போனை வச்சு எடுத்த படம் ரெண்டு போட்டிருக்கேன், சிரிக்காதீங்க. இது எது? அப்புறம் இந்தப் பங்குனி வெயில்ல இதுக எல்லாம் இங்க என்ன பண்ணுது, இந்நேரம் ஊருக்குப் போயிருக்கணும்ல?

கண்மாய்க்கரை | சனி, இரவு 10:05

வாங்க தம்பி. முதல் படத்துல இருக்கிறது கிரீன் சாண்ட்பைபர்னு நினைக்கிறேன். எழும்பிப் பறந்துச்சா? பறந்தப்ப ரெக்கையோட அடிப்பக்கம் என்ன நிறம்? சத்தம் கொடுத்துச்சா? இந்த மூணும் தெரிஞ்சா பத்து நிமிசத்துல முடிச்சிரலாம்.

தெற்குவாசல்காரன் | சனி, இரவு 10:11

பறந்துச்சுண்ணே. வாலுக்கு மேல பளீர்னு வெள்ளை. ரெக்கை அடி பார்க்கல. என்னமோ கத்துச்சு, ஆட்காட்டி போட்ட போட்டுல அது காதுல விழல.

ஆட்காட்டி72 | சனி, இரவு 11:30

அவசரப்படாதீங்க கண்மாய்க்கரை. வாலுக்கு மேல வெள்ளை வுட் சாண்ட்பைபருக்கும் உண்டு. ரெண்டாவது படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னாடி வரைக்கும் போகுது, முதுகுல பொரி தூவின மாதிரி புள்ளி. கிரீனுக்குப் புருவம் கண்ணுக்கு முன்னாடியே நின்னுரும், முதுகு தூரத்துலருந்து ஒரே கருப்பாத்தான் தெரியும். காலும் மஞ்சளோடுது. இது வுட். எழுதிக் கொடுக்கிறேன்.

கண்மாய்க்கரை | சனி, இரவு 11:38

அந்தப் படத்துல புருவம் தெரியுதுன்னு சொல்றவருக்கு நான் என்ன சொல்ல? எனக்குப் பறவையே ஒரு கல்லு மாதிரித்தான் தெரியுது.

சிலேடைப்புலி | ஞாயிறு, காலை 6:50

பறவை, வலசைன்னு பேச்சு எடுத்தாச்சு. அந்த நாரைப் பாட்டை யாரும் இங்க எடுத்துப் போட்டுறாதீங்க, புண்ணியமாப் போகும். போன மூணு இழையும் அங்கதான் செத்துச்சு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வுட், கிரீன்னு ஆளாளுக்குப் பேசுறீங்களே, இதுகளுக்குத் தமிழ்ல பேரே இல்லையா?

கண்மாய்க்கரை | ஞாயிறு, காலை 7:20

இருக்கு. ஒண்ணுக்கு மூணு பேர் இருக்கு, அதுதான் சிக்கல். வுட் சாண்ட்பைபரைப் பொரி உள்ளான்னு ஒரு பட்டியல் சொல்லும், வயல் உள்ளான்னு இன்னொண்ணு சொல்லும். எங்க ஊர்ப் பக்கம் சேத்துல மேயுற அம்புட்டும் உள்ளான், கூழாங்கல்லுல ஓடுறது அம்புட்டும் உப்புக்கொத்தி, அவ்வளவுதான் கணக்கு. சில பேரு மட்டும் யாரும் சண்டை போட முடியாத அளவுக்குப் பொருந்தும்: கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி. பேதை உள்ளான்னு ரஃப்ங்கிற பறவைக்கு யாரு பேர் வச்சாங்களோ, அவங்க அதைக் குளிர்காலத்துல மட்டும் பார்த்திருக்கணும். இங்க இருக்கிறப்ப அப்பாவி மாதிரித்தான் நிக்கும். ஊருக்குப் போனதும் ஆண் பறவை கழுத்தைச் சுத்தி ஒரு மாலை மாதிரி சிறகை வளர்த்துக்கிட்டு, களம் பிடிச்சு நின்னு சண்டை போடும்.

மாடக்குளம்மதி | ஞாயிறு, காலை 8:15

தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல, வழக்கம்போல. நான் சொல்றேன்.

இங்கிலீஷ்காரங்க வசந்தம்னு சொல்ற மாசங்கள்ல நமக்குப் பனி முடிஞ்சு வெயில் தலைக்கு ஏறியிருக்கும். பங்குனி, சித்திரை ரெண்டும்தான் உள்ளான்களோட புறப்பாட்டுக் காலம். ஆகஸ்ட், செப்டம்பர்ல வர ஆரம்பிச்சதுக மார்ச்லருந்து கிளம்பும். மே முதல் வாரத்துல அநேகமா எல்லாம் போயிரும். ஆனா எல்லாம் ஒரே நாள்ல மூட்டை கட்டாது. நமக்குத் தெக்க, கடலோரத்துலயும் இலங்கையிலயும் இருந்ததுக வடக்க ஏறி வர்ற வழியில இங்க இறங்கி ரெண்டு நாள், நாலு நாள் தின்னுட்டுப் போகும். நீங்க பார்த்த கூட்டம் மாசியில நின்ன அதே கூட்டம்னு நினைக்காதீங்க. போன வாரம் பார்த்தது வேற, இந்த வாரம் பார்க்கிறது வேறயா இருக்கலாம்.

ஏன் அணைக்கு வருதுன்னா, வேற எங்க போகும்? எங்க மாடக்குளம் கண்மாயை எடுத்துக்கங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில பெருகினாத்தான் தண்ணி. தை வரைக்கும் தாங்கும், மாசியில சகதி, பங்குனியில பையங்க கிரிக்கெட். சாமநத்தம், வண்டியூர்னு எங்க போனாலும் தண்ணி சுருங்கச் சுருங்கப் பறவையும் நெருங்கும், அப்புறம் ஒருநாள் காணாமப் போகும். அந்நேரம் ஈரம் மிச்சமிருக்கிற பெரிய இடம்னா வைகை அணை உள்வாய் மாதிரி ஒண்ணு ரெண்டுதான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? கொசு உள்ளான் முதுகுல செம்பு நிறம் ஏறியிருக்கணும். புரட்டாசியில வந்து இறங்குறப்ப சாம்பல் பூசின மாதிரி இருந்த பறவை, போறப்ப உடுப்பு மாத்திக்கிட்டுப் போகும். கருவால் மூக்கன் கழுத்து செங்கல் நிறத்துக்கு வரும். அதனாலதான் நான் ஜனவரிக் கணக்கெடுப்பை விட ஏப்ரல்ல போறதை விரும்புவேன். ஜனவரியில எல்லாம் ஒரே சாம்பல், அடையாளம் சொல்றதுக்குள்ள கண்ணு வலிச்சிரும்.

தெற்குவாசல்காரன் | ஞாயிறு, காலை 8:40

அக்கா, நெசந்தான். அதுல பாதி செங்காவியா இருந்துச்சு. வெயில் பட்டு அப்படித் தெரியுதுன்னு நினைச்சுட்டேன்!

குன்னூர்ப்பாலம் | ஞாயிறு, மதியம் 2:10

எங்க ஊர்ப் பக்கத்தைப் பத்திப் பேச்சுங்கிறதால எழுதுறேன். எனக்குப் பறவை பேரெல்லாம் அவ்வளவாத் தெரியாது. சின்ன வயசுலருந்து அந்த உள்வாயில மாடு மேச்சவன். இப்பவும் ரெண்டு மாடு இருக்கு.

மொத விசயம், அந்த வண்டலை நம்பி உள்ள நடக்காதீங்க. மேல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், கால் வைக்கிற தரைதான்னு தோணும். பத்தடி தள்ளி அதே வெடிப்புக்குக் கீழ முழங்கால் உளை. போன வருசம் எங்க ஆடு ஒண்ணு தண்ணி குடிக்கப் போய் வயிறு வரைக்கும் இறங்கிருச்சு. பனையோலையைப் பரப்பி, நான் குப்புறப் படுத்து, கயிறு போட்டு இழுத்தோம். ஆடு பிழைச்சிருச்சு, என் போன் இன்னமும் அங்கதான் கிடக்கு. கோரை முளைச்சிருக்கிற இடத்துல நடக்கலாம். பளபளன்னு மினுங்குற இடத்துல கண்டிப்பா நடக்கக் கூடாது.

ரெண்டாவது, நீங்க எல்லாம் தண்ணியைப் பார்த்து நிக்கிறீங்க. பறவை தண்ணியில இல்ல, ஈரக் கோட்டுல இருக்கும். நேத்துத் தண்ணி நின்ன இடம் இன்னைக்கு ஈரம், அதுல புழு மேல இருக்கும். முந்தாநாள் நின்ன இடம் காஞ்சு இறுகிரும், அங்க கொத்தினா அலகு ஒடிஞ்சுரும். அந்தக் கோடு தினமும் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போகும், இதுகளும் கூடவே போகும். காலையில எங்க உக்காரலாம்னு யோசிக்கிறவங்க மொதநாள் சாயந்திரம் தண்ணி எங்க இருந்துச்சுன்னு ஒரு கல்லை வச்சுட்டு வந்தாப் போதும்.

கணக்குவாத்தியார் | ஞாயிறு, மாலை 5:25

குன்னூர்ப்பாலம் சொன்னதை அணையின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1959இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அந்த நாட்களில் விவசாயிகள் முகம் மலர்ந்திருக்கும். உள்ளான் பார்க்கப் போகிறவர் வீட்டிலேயே இருக்கலாம், ஏனெனில் தண்ணீர் பழைய கரையை முட்டி நிற்கும், சேறு என்பதே இராது.

பங்குனியில் நிலைமை வேறு. பாசனத்துக்குப் பெரிதாகத் திறப்பு இல்லாத காலம். மதுரைக்குக் குடிநீர் போகிறது, வெயில் கொஞ்சம் குடிக்கிறது. மட்டம் மெதுவாக, சீராக இறங்கும். அணையின் பின்பகுதியில் தரை சரிவு குறைவு என்பதால் மட்டம் ஓரடி இறங்கினாலே பெரிய பரப்பு வெளியே வந்துவிடும். அத்தனையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மலையிலிருந்து வந்து படிந்த வண்டல். அணையைத் தூர்வார வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நானும் கேட்பவன்தான், பேரனுக்கும் குடிநீர் வேண்டுமே. ஆனால் கொசு உள்ளானுக்கு அந்தத் தூர்தான் சாப்பாட்டுத் தட்டு.

இதில் அழகருக்கும் ஒரு பங்கு உண்டு. சித்திரைத் திருவிழாவில் அவர் ஆற்றில் இறங்குவதற்காகச் சில நாள் முன்னதாக அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள். மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த மட்டம் சட்டென்று இறங்கும், புதுச் சேறு ஒரேயடியாக வெளிப்படும். நான் போனபோதெல்லாம் அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள்தான் உள்வாய் களைகட்டி நின்றது. ஊரே கிழக்கே ஆற்றைப் பார்த்து ஓடும்போது நான் மட்டும் மேற்கே பஸ் ஏறுவேன். வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

சிலேடைப்புலி | ஞாயிறு, மாலை 5:40

அழகருக்கு எதிர்சேவை பார்த்திருக்கேன். வாத்தியார் எதிர்த்திசை சேவை பண்றார்.

நானூறுஎம்எம் | ஞாயிறு, இரவு 8:55

நான் புதன்கிழமை அங்கதான் இருந்தேன். கொசு உள்ளான் கூட்டம் பறக்குற படம் போட்டிருக்கேன் பாருங்க, ஒரே நேரத்துல எல்லாம் திரும்புறப்ப வெள்ளை மின்னுது. இதுக்காக நாலு தடவை எழுப்ப வேண்டியதாப் போச்சு. முதல் மூணு தடவையும் வெளிச்சம் சரியில்ல.

மாடக்குளம்மதி | ஞாயிறு, இரவு 9:10

படம் நல்லா இருக்கு. அதைப் பார்த்து வயிறு எரியுது, பொறாமையில இல்ல.

அந்தப் பறவை என்ன எடை தெரியுமா? இருபத்திச் சொச்சம் கிராம். பத்து ரூபாய்க் காசு மூணு எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாருங்க, அவ்வளவுதான். அது இங்கருந்து கிளம்பி, இமயமலையைத் தாண்டி, ரஷ்யாவோட வடகோடியில மரமே முளைக்காத பனிவெளிக்குப் போய் முட்டையிடணும். வழிச் செலவுக்கு அது கையில இருக்கிறது தோலுக்கு அடியில சேர்த்து வச்ச கொழுப்பு மட்டும்தான். அதைச் சேர்க்கத்தான் பொழுது விடிஞ்சதுலருந்து அடையுற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராமக் கொத்துது. நீங்க எழுப்புன ஒவ்வொரு தடவையும் அந்தப் பையிலருந்து சில்லறை எடுத்துட்டீங்க.

நானூறுஎம்எம் | ஞாயிறு, இரவு 9:31

அக்கா, நான் ஒருத்தன் நாலு தடவை எழுப்புனதுலதான் ரஷ்யாவுக்குப் போற பஸ்ஸை விட்டுருமா? ஆடு மாடு போகுது, நாய் துரத்துது, மீன் பிடிக்கிறவங்க பரிசல்ல போறாங்க. அவங்களை யாரும் கேக்கிறதில்ல. கேமரா வச்சிருக்கிறவன் மட்டும் கண்ணுல படுறான்.

குன்னூர்ப்பாலம் | ஞாயிறு, இரவு 10:02

தம்பி, சண்டைக்குச் சொல்லல, கண்ணால பார்த்ததைச் சொல்றேன். மாடு நடந்தா இதுக பறக்காது. ரெண்டடி ஒதுங்கி நிக்கும், மாடு போனதும் குளம்புத் தடத்துக்கே திரும்ப வரும். அந்தக் குழியில ஈரம் நிக்குது பாருங்க, மத்த இடம் காஞ்சாலும் அங்க கொத்த ஏதாவது இருக்கும். பரிசல்காரர் ஒரே நேர்கோட்டுல போயிருவார், அதுவும் பழகிப் போச்சு. கொஞ்சங் கொஞ்சமாக் குனிஞ்சு குனிஞ்சு நேரா அதையே பார்த்துக்கிட்டு வர்றவனைத்தான் அதுக நம்ப மாட்டேங்குது. நரியும் அப்படித்தானே வரும்.

படம் வேணும்னா என்கூட வாங்க. மாட்டோட வந்து, மேட்டுல ஒரு துண்டைப் போட்டு உக்காருங்க. நீங்க போக வேணாம், ஈரக் கோட்டோட அதுகளே மேஞ்சுக்கிட்டு வரும்.

நானூறுஎம்எம் | ஞாயிறு, இரவு 10:15

வர்றேண்ணே. ஆனா மாடு என் லென்ஸை நக்குனா நீங்கதான் பொறுப்பு.

ஆட்காட்டி72 | திங்கள், காலை 6:30

இழை எங்கேயோ போயிருச்சு. நான் இன்னமும் வுட் சாண்ட்பைபர்லதான் நிக்கிறேன்.

கண்மாய்க்கரை | திங்கள், காலை 7:05

நில்லுங்க. பின்பக்கத்தை ஆட்டுறது ரெண்டும் பண்ணும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஓடை வாயில தனியா நிக்கிறது கிரீனோட குணம். வுட் நாலஞ்சாத்தான் பெரும்பாலும் நிக்கும். தம்பி அடுத்த தடவை ரெக்கை அடியைப் பார்த்துட்டு வரட்டும். கருப்பா இருந்தா கிரீன், வெளுப்பா இருந்தா உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன்.

கிரீனைப் பத்தி ஒரு கூத்து தெரியுமா? இத்தனை காலம் சேத்துல நடக்குற பறவை, ஊருக்குப் போனதும் மரத்துல முட்டையிடும். அதுவும் கூடு கட்டத் தெரியாது. வேற பறவை விட்டுட்டுப் போன பழைய கூட்டுல குடியேறும்.

சிலேடைப்புலி | திங்கள், காலை 7:12

அட்வான்ஸ் கொடுக்காம வாடகை வீடு. மதுரையில கிடைக்காது.

தெற்குவாசல்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 10:48

நேத்துத் திரும்பவும் போனேன். இந்தத் தடவை மதியத்துக்கு மேல ஆரப்பாளையத்துலருந்து தேனி பஸ். சொன்ன மாதிரியே கோரை இருக்கிற மேட்டுல துண்டு போட்டு, சீமைக் கருவேல நிழல்ல உக்காந்தேன். முதல் அரை மணி நேரம் ஒண்ணுமே நடக்கல. முள்ளு குத்துச்சு, எறும்பு கடிச்சுச்சு, தண்ணி பாட்டில் சூடாயிருச்சு. எந்திரிச்சிரலாம்னு நினைச்சப்ப முதல் கொசு உள்ளான் ஈரக் கோட்டுல நடந்து வந்துச்சு. அப்புறம் மூணு, அப்புறம் பதினஞ்சு. கடைசியில என் செருப்புக்கும் அதுக்கும் நடுவுல பத்தடி கூட இல்ல. பைனாகுலர்ல குவியம் வைக்க முடியல, அவ்வளவு கிட்ட. வெறுங்கண்ணால பார்த்தேன்.

அது கொத்துற வேகத்தை எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்குக் கீழ மல்லி கட்டுறவங்க இருக்காங்க. பேசிக்கிட்டே கட்டுவாங்க, விரல் எப்ப முடிச்சுப் போட்டுச்சுன்னு நமக்குத் தெரியாது. அந்த மாதிரி. குனியுறது தெரியுது, நிமிருறது தெரியுது, எடுத்தது தெரியல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சிவப்பா நூல் மாதிரி ஒரு புழுவை இழுத்துச்சு. புழு நீண்டுச்சு, பறவை பின்னாடி ரெண்டு அடி வச்சுச்சு, புழு சேத்தை விட்டு வந்த வேகத்துல பறவை உக்காந்தே போச்சு. உடனே எந்திரிச்சு அடுத்த கொத்து.

இன்னொரு காட்சி. ஒரு ஆட்காட்டி தண்ணி ஓரத்துக்கு வந்துச்சு. குளிக்கப் போகுதுன்னு பார்த்தேன். குளிக்கல. நெஞ்சை மட்டும் தண்ணியில அமுக்கி உக்காந்து அசைஞ்சு அசைஞ்சு நனைச்சுக்கிட்டு, சொட்டச் சொட்ட மேட்டுக்குப் பறந்துச்சு. அங்க கூழாங்கல்லுக்கு நடுவுல போய்க் குந்துச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்து இடம் மாத்துச்சு, இது தண்ணிக்குப் போச்சு. பைனாகுலர் வச்சுப் பார்த்தா நாலு முட்டை. கல்லும் முட்டையும் ஒரே நிறம். நான் வந்த வழியிலருந்து ஆறு தப்படி தள்ளித்தான் இருந்துச்சு. போன வாரம் அது ஏன் அந்தக் கத்து கத்துச்சுன்னு அப்பத்தான் உறைச்சுச்சு.

கண்மாய்க்கரை அண்ணே, ஓடை வாய்ப் பறவை இருந்துச்சு. மாடு கிட்டப் போனதும் எழும்புச்சு. ரெக்கை அடி கருப்பு. மூணு தடவை கீச்சுக் குரல்ல கத்திக்கிட்டே உசரப் போயிருச்சு.

கண்மாய்க்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 10:55

கிரீன். முடிஞ்சது.

ஆட்காட்டி72 | அடுத்த ஞாயிறு, இரவு 11:20

ஓடை வாய்ப் பறவை கிரீன்தான், ஒத்துக்கிறேன். ஆனா தம்பி போட்ட ரெண்டாவது படம் ஓடை வாயில எடுத்தது மாதிரித் தெரியல, பின்னாடி கோரை இருக்கு. அது வேற பறவை. அது வுட்.

தெற்குவாசல்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 11:26

...ஆமாண்ணே. ரெண்டாவது படம் நூறு அடி தள்ளி எடுத்தது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுச் சேர்த்துப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.

கண்மாய்க்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 11:31

எட்டு நாளா! கும்பிடுறேண்ணே, ஒரு காலை மட்டும்.

கணக்குவாத்தியார் | திங்கள், காலை 9:00

ஆட்காட்டி செய்தது குளியல் அல்ல. இந்த வெயிலில் திறந்த வெளியில் கிடக்கும் முட்டை வெந்துவிடும். வயிற்றுச் சிறகில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்து முட்டையை நனைத்துக் குளிர்விக்கிறது. நம் ஊரிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் பட்டாணி உப்புக்கொத்தியும் இதையே செய்யும். அதனால் கூழாங்கல் மேட்டை விட்டு விலகி நடங்கள். தாயை நாம் பத்து நிமிடம் எழுப்பி வைத்தால் முட்டைக்கு அது அடுப்பில் பத்து நிமிடம்.

பட்டாணி உப்புக்கொத்தியில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே சேற்றில் மேய்வார்கள். உள்ளூர்ப் பறவைக்குக் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் சற்றுத் தடித்து, பளிச்சென்று இருக்கும். வெளியூர்ப் பறவை கிளம்பத் தயாராகும் அதே வாரத்தில் இது கல்லுக்கு நடுவே குழி பறித்துக்கொண்டிருக்கும்.

மாடக்குளம்மதி | திங்கள், காலை 9:40

தம்பி, பொழுது சாய்ற வரைக்கும் இருந்தீங்களா? கிளம்புறதைப் பார்த்தீங்களா?

தெற்குவாசல்காரன் | திங்கள், மதியம் 1:15

அதைச் சொல்ல விட்டுட்டேங்கா. ஆறரைக்குச் சூரியன் வருசநாட்டு மலைப் பக்கம் இறங்குச்சு. அதுக்கு முன்னாடியே கொசு உள்ளான் கூட்டத்துல ஒரு பதட்டம். கொத்துறதை நிறுத்திட்டு நெருங்கி நின்னுச்சுக. எல்லாம் மொத்தமா எழும்பி, கத்திக்கிட்டே தண்ணிக்கு மேல ரெண்டு வட்டம் போட்டு, திரும்ப இறங்கிருச்சு. நான் போயிருச்சுன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எழும்பி, மறுபடி இறங்குச்சு. மூணாவது தடவை எழும்புனப்ப பாதி இறங்கிருச்சு, பாதி இறங்கல. உசர உசரப் போய் வடக்க, மலைப் பக்கமாத் திரும்புச்சு. புள்ளியாயி, அப்புறம் புள்ளியும் இல்ல. கீழ இருந்ததுக திரும்பவும் கொத்த ஆரம்பிச்சிருச்சுக.

எனக்கு எட்டு மணிக்குத்தான் பஸ் கிடைச்சுச்சு. வீட்டுக்கு வந்து சேரப் பத்தே முக்கால்.

நானூறுஎம்எம் | திங்கள், மதியம் 1:30

இதை யாருமே படம் எடுக்கலையா?? 😭

சுங்கம்பள்ளி | திங்கள், இரவு 7:45

நானும் வர ஆசை. ஸ்கோப் இல்ல, சாதா பைனாகுலர்தான். எந்தப் பக்கம் எந்த நேரம் நிக்கணும்? போடி ரயில்ல வந்தா சரிப்படுமா?

கண்மாய்க்கரை | திங்கள், இரவு 8:10

எட்டுக்கு நாப்பத்திரண்டு (எட்டு மடங்கு பெருசாக் காட்டுற, 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும், சேத்துல அதுதான் கைநடுக்கம் இல்லாம நிக்கும். ரயில் மதுரையில நல்லா விடிஞ்ச பிறகுதான் கிளம்பும். நீங்க ஆண்டிப்பட்டியில இறங்குறப்ப கானல் ஆட ஆரம்பிச்சிருக்கும், தூரத்துப் பறவை எல்லாம் நெளியும். சாயந்திரத்துக்கு வேணா ரயில்ல வாங்க, ராத்திரிக்குப் பஸ்தான். குன்னூர்ப் பக்கம் காலையில நின்னு கிழக்க பார்த்தீங்கன்னா வெயில் கண்ணைக் குத்தும், பறவை பூரா கருப்பு நிழலாத் தெரியும். அங்க சாயந்திரம் போங்க. தெக்குக் கரைன்னா ரெண்டு நேரமும் வெளிச்சம் பக்கவாட்டுல விழும். அணைக்கட்டு மேல கேமராவோட ஏறிச் சிக்கலாக்கிக்காதீங்க.

கால்ல வளையம் போட்ட பறவை தென்பட்டா எழுத்தைப் படிக்க முடியுதான்னு பாருங்க. பல வருசமா கோடியக்கரையில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க உள்ளானுக்கு வளையம் மாட்டிக்கிட்டு இருக்காங்க. படிக்க முடியலேன்னா விட்டுருங்க, படிக்கிறேன்னு துரத்தாதீங்க.

குன்னூர்ப்பாலம் | மூணு வாரம் கழிச்சு, புதன், இரவு 8:30

கேட்டவங்களுக்காகச் சொல்றேன். அழகருக்குத் தண்ணி விட்டதும் வாத்தியார் சொன்ன மாதிரியே உள்வாய் நெறஞ்சு கிடந்துச்சு. நானூறுஎம்எம் தம்பி ரெண்டு நாள் என்கூட உக்காந்து படம் எடுத்துச்சு. மாடு லென்ஸை நக்கல, தொப்பியத் தின்னுருச்சு. அதுக்கப்புறம் கோடை மழை ஒண்ணு இடியோட இறங்கி ஆத்துல தண்ணி வந்து சேறு பாதி மூடிருச்சு. நேத்து போனப்ப கொசு உள்ளான் நாலே நாலு. இன்னைக்குக் காலையில அதுவும் இல்ல. நெட்டைக் கால்காரன் மட்டும் நிக்கிறான், அவன் எங்கயும் போக மாட்டான் போல.

ஆட்காட்டிக் கூடு மேட்டுல இருந்ததால தண்ணி எட்டல. குஞ்சு மூணு. பொரிச்ச அன்னைக்கே ஓடுது.

தெற்குவாசல்காரன் | புதன், இரவு 8:41

முட்டை நாலு இருந்துச்சேண்ணே?

குன்னூர்ப்பாலம் | புதன், இரவு 8:44

ஒண்ணு அப்படியே கிடக்கு. கூமுட்டை.